வியாழக்கிழமைத் தண்ணீர்

இதை மாசிலாமணி ஒருமுறை சொன்னார். அவர் பக்கத்து வீட்டு அம்சா வேறொரு முறை சொன்னாள். இரண்டும் ஒன்றுபோல் இல்லை. ஒருவர் டிரம் நீல நிறம் என்றார், இன்னொருவர் கறுப்பு என்றார். ஒருவர் வெயில் கொளுத்தியது என்றார், இன்னொருவர் மூட்டமாக இருந்தது என்றார். எதை யார் சொன்னது என்பதையே நான் மாற்றி வைத்திருக்கக்கூடும். பல நாள் மனதுக்குள் புரட்டிப் பார்த்ததில் என்னுடைய சொற்களும் அதில் கலந்துவிட்டன. ஆனால் மீன்கள் இரண்டு என்பதிலும், அன்று சனிக்கிழமை என்பதிலும், மாசிலாமணியின் மணிக்கட்டை அவர் மகள் பிடித்து நிறுத்தினாள் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை.

மாசிலாமணி ஒலக்கூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர். முப்பதாயிரம் லிட்டர் மேல்நிலைத் தொட்டி. விடியற்காலையில் மோட்டார் போட்டு நிரப்புவார். பிளீச்சிங் பவுடரை பக்கெட்டில் கரைத்துத் தெளியவைத்து, தெளிந்ததை மட்டும் தூக்கிக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறி உள்ளே ஊற்றுவார். பதினாறு வருடமாக இதுதான் வேலை. அவருடைய சட்டைகளில் அந்த வாசனை துவைத்தாலும் போகாது. மனைவி இருதயமேரி அந்த வாசனையை முகர்வதையே எப்போதோ விட்டிருந்தாள். வீட்டுக்கு வருகிறவர்கள்தான் மூக்கைச் சுளிப்பார்கள்.

மீன்கள் மகள் எலிசாவுடையவை. விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்த முதல் மாதம் இரண்டு தங்கமீன்களைப் பாலிதீன் பையில் கட்டி, மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தாள். உருண்டையாக ஆரஞ்சு நிறத்தில் இருந்ததற்கு லட்டு என்று பெயர். வெள்ளை உடம்பும் தலையில் மட்டும் சிவப்பும் இருந்ததற்குத் தொப்பி. இரண்டடி கண்ணாடித் தொட்டி, காற்று விடுகிற சின்ன மோட்டார், ஒரு பஞ்சு ஃபில்டர். குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றக் கூடாது, இரண்டு நாள் திறந்து வைத்துத்தான் ஊற்ற வேண்டும் என்பாள். வாரத்துக்கு மூன்றில் ஒரு பங்குதான் மாற்ற வேண்டும், பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலச வேண்டும், தீனி இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவுதான் போட வேண்டும். சமையலறைக் கதவில் இதையெல்லாம் எழுதி ஒட்டி வைத்திருந்தாள். மாசிலாமணி அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"ஊருக்கே தண்ணி உடுறவன் நானு. எனக்கே பாடம் எழுதி ஒட்டுறா பாரு."

"ஊரு குடிக்கும்ப்பா. மீனு அதுலதான் மூச்சு விடும்" என்றாள் எலிசா.

அந்தச் சனிக்கிழமைக்குப் பதினோரு மாதம் முன்பு அவள் தென்னரசு என்ற பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். வீட்டு ஒயரிங் வேலை பார்க்கிறவன். மாசிலாமணியின் மனதை அறுத்தது அந்தப் பையன் அல்ல. மாதா கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து ஊரறிய நடக்க வேண்டிய கல்யாணத்தை, டீக்கடையில் ஒருவன் "இன்னா மாசிலாமணி, பொண்ணு கல்யாணத்துக்குக் கூப்பிடவே இல்லியே" என்று கேட்டு அவர் தெரிந்துகொண்டார். அதுதான் அறுத்தது.

மறுநாள் எலிசா தன் துணிகளையும் மீன்களையும் எடுத்துப்போக வந்தாள். அவர் வாசலை மறித்து நின்றார். தெருவே பார்த்தது.

"ஒரு சாமானும் இங்கிருந்து போகக் கூடாது. அந்த மீனா? ஒரு புடி பிளீச்சிங் அள்ளிப் போட்டேன்னா முடிஞ்சிது."

அவர் அப்படிப் போடுகிறவர் அல்ல என்பது அவருக்குத் தெரியும். சொல்லும்போதே தெரியும். ஆனால் சொன்னதைத் தெருவே கேட்டது. எலிசா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலாகத் தன் அம்மாவைப் பார்த்து "பாத்துக்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அன்றோடு இருதயமேரி அவருடன் பேசுவதை நிறுத்தினாள்.

நிறுத்தினாள் என்றால் முழுக்க அல்ல. சோறு போட்டிருப்பதைத் தட்டை வைக்கிற சத்தத்தில் சொல்வாள். மற்ற சேதிகளைச் சுவரைப் பார்த்துச் சொல்வாள். அவரும் பதில் சொல்வதில்லை. முதலில் கோபத்தில் பேசாமலிருந்தார். பிறகு எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இருந்தார். அதன்பின் அதுவே வீட்டின் வழக்கமாகிவிட்டது.

எலிசா போன அடுத்த வாரம், பின்கட்டில் மீனுக்குத் தண்ணீர் பிடித்து வைக்கிற டிரம் காலியாகக் கிடந்தது. அன்று வியாழக்கிழமை. மனைவி கண்ணில் படாமல் அவர் அதை நிரப்பினார். மூடி போடவில்லை. சனிக்கிழமை இருதயமேரி அதிலிருந்து மொண்டு தொட்டியில் ஊற்றினாள். யார் நிரப்பியது என்று கேட்கவில்லை. அடுத்த வியாழனும் நிரப்பினார். பதினோரு மாதமாக அவர்கள் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான். அவர் நிரப்புவார், அவள் ஊற்றுவாள். சில விடியற்காலைகளில் மோட்டார் போடப் போகுமுன் தொட்டிக்கு எதிரே நின்று பார்ப்பார். தொப்பி கண்ணாடி வரைக்கும் வந்து வாயைத் திறந்து மூடும். "இன்னாடா" என்பார், காற்றுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

இனி அந்தச் சனிக்கிழமை.

அந்த வாரம் மேல் தெருவில் ஆறு பேருக்கு வயிற்றுப்போக்கு. எங்கோ குழாய் உடைந்து சாக்கடைத் தண்ணீர் கலக்கிறது. புதனும் வியாழனும் அவர் குழாய் தேடி மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தார். டிரம் மறந்துபோனது. வெள்ளிக்கிழமை ஒன்றிய அலுவலகத்திலிருந்து போன் வந்தது. உடைந்த குழாய் கிடைக்கிற வரைக்கும் பவுடரை மூன்று மடங்காகப் போட வேண்டும், போடுவதற்கு முன் தண்ணீர் மாதிரி எடுத்து விழுப்புரம் ஆய்வுக்கூடத்தில் கொடுக்க வேண்டும் என்றார்கள்.

வெள்ளி சாயங்காலம் இருதயமேரி சுவரிடம் சொன்னாள். "நாளிக்கு சாயந்தரம் எலிசா வருது. அந்தப் புள்ளையும் வருது."

வரட்டும் என்று சொல்ல அவர் வாயெடுத்தார். சொல் வரவில்லை. எழுந்து வெளியே போனார். அவள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருப்பாள் என்று அப்போது அவர் நினைக்கவில்லை.

சனி காலை ஆறு மணிக்கு மாதிரி எடுத்தார். மூன்று மடங்கு பவுடரைக் கரைத்து ஊற்றினார். ஆறே முக்காலுக்குத் தண்ணீர் திறந்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது டிரம் காலியாக இருந்தது கண்ணில் பட்டது. ஐயோ, வியாழக்கிழமை விட்டுப்போச்சே என்று நினைத்தார். குழாயில் ஓஸ் பைப்பை மாட்டி நிரப்பினார். காலி டிரம்மை அவளும் பார்த்திருப்பாள், இன்று ஊற்ற மாட்டாள், திங்கள் வரைக்கும் திறந்து கிடந்தால் எல்லாம் பறந்துவிடும் என்பது அவர் கணக்கு. உள்ளே இருதயமேரி சன்னல் துணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஒன்பது மணி வாக்கில் மாதிரிப் பாட்டிலை ஈரத்துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். டி.வி.எஸ். வண்டியைத் திண்டிவனம் பஸ் நிலையத்தில் நிறுத்திவிட்டு விழுப்புரம் பஸ் ஏறினார்.

விழுப்புரத்தில் ஆய்வுக்கூடத்துப் பெண் ஆர்த்தி பாட்டிலை வாங்கி லேபிள் ஒட்டினாள். அவளுக்கு அவரைப் பல வருடமாகத் தெரியும்.

"டோஸ் ஏத்திட்டீங்களாண்ணா?"

"மூணு மடங்கு."

"வீட்ல குடிக்கிறவங்க ஒரு மணி நேரம் வெச்சிக் குடிக்கச் சொல்லிடுங்க. நாத்தம் குடலைப் புரட்டும். லீவு நாளுல வேற அலைய உட்டுட்டாங்க உங்கள. வீடு கழுவுற நாளு." மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "எங்க அம்மா சனிக்கிழமை ஆனா பேஜாருதான். ஒரு சாமானை விடாது."

அவர் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நின்றார்.

சன்னல் துணிகள். எலிசா வருகிறாள். சனிக்கிழமை. மகள் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் பார்க்கப்போவது எது? பதினோரு மாதமாகச் சனிக்கிழமை டிரம் நிறைந்திருந்தால் அது வியாழக்கிழமைத் தண்ணீர். வேறெதுவாகவும் இருந்ததில்லை.

வெளியே வந்து மனைவிக்குப் போன் செய்தார். பதினோரு மாதத்தில் முதல் முறை. மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி செய்தார். மூன்றாவது முறை இரண்டே மணியில் துண்டிக்கப்பட்டது. யாரோ கையிலெடுத்து, பெயரைப் பார்த்து, அழுத்தியிருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டு அம்சாவின் எண்ணைத் தேடி எடுத்தார்.

"அலோ மாமா! இன்னா அதிசயமா? ஜல்தியா சொல்லுங்க, சார்ஜ் இல்ல."

"எங்க ஊட்டுக்குப் போயி அக்காகிட்ட போனைக் குடும்மா."

அவள் நடந்துகொண்டே கூப்பிடுவது கேட்டது. "அக்கோவ்! மாமா லைன்ல இருக்குது. உன்னாண்ட பேசணுமாம்."

இருதயமேரியின் குரல் தொலைவில், ஆனால் தெளிவாகக் கேட்டது. "எதுக்குன்னு எனக்குத் தெரியும். பொண்ணு வரக் கூடாதுன்னுவாரு. வேற இன்னா? நேத்து சொன்னதுக்கு மூஞ்சியத் திருப்பிக்கினு போனவர்தான? நான் பேச மாட்டேன்னு சொல்லு."

"மாமா, அக்கா பேச மாட்டேன்னுது. கோவமா இருக்குது. இன்னான்னு என்கிட்ட சொல்லுங்க, நான் சொல்றேன்."

"மீன் தொட்டில கை வெக்க வேணாம்னு சொல்லு."

"அக்கா, மீன் தொட்டில கை வெக்கக் கூடாதாம்."

ஏதோ பாத்திரம் தரையில் வைக்கப்பட்டது.

"அந்த வாயில்லா ஜீவன் மேல இன்னும் ஆத்திரம் தீரலியா அவருக்கு? எம்பொண்ணு வந்து பாக்கும்போது அது அழுக்குல கெடக்கணுமா? கை வெக்கறேன்னு சொல்லு. இப்பவே மொத்தத் தண்ணியையும் எறைச்சிட்டுப் புதுசா ஊத்தறேன்னு சொல்லு."

"கேட்டுச்சா மாமா?" அம்சாவின் குரலில் சங்கடமும் கொஞ்சம் ருசியும் இருந்தது. "ஏன் வேணாங்கிறீங்க? டிரம்முதான் ரொம்பிக் கெடக்குதே."

இப்போது சொல்ல வேண்டும். ஒரே ஒரு வாக்கியம் போதும். அந்த டிரம்மில் பிளீச்சிங் இருக்கிறது. ஆனால் பிளீச்சிங் என்ற அந்தச் சொல். வாசலில் நின்று தெரு முழுக்கக் கேட்கச் சொன்ன அதே சொல். மகள் வருகிற நாளில், மகளின் மீனுக்கென்று வைத்த டிரம்மில், பிளீச்சிங். அம்சாவுக்கு அது எப்படிக் கேட்கும்? மத்தியானத்துக்குள் தெருவுக்கே எப்படிக் கேட்கும்? அவர் வார்த்தையை மாற்றிப் போட்டுப் பார்த்தார். மருந்து. பவுடர். எந்த வழியாக வந்தாலும் அந்த இடத்துக்கே வந்து சேர்ந்தது.

"அலோ? மாமா? இருக்கீங்களா? ஒண்ணுமே சொல்லலியே... அலோ?"

பிறகு அதுவும் இல்லை. மறுபடி போட்டபோது அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு குரல் சொன்னது.

அவர் உள்ளே போனார். முகத்தைப் பார்த்ததும் ஆர்த்தி நாற்காலியை இழுத்துப் போட்டாள். நின்றபடியே சொன்னார். அம்சாவிடம் வராத சொல், வேறு ஊரில் ஒரு வெள்ளைக் கோட்டிடம் சுலபமாக வந்தது.

"மொத்தத் தண்ணியையும் மாத்தறாங்களா?" ஆர்த்தி கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று பத்து. "தங்கமீனுங்க கொஞ்சம் தாங்கும்ணா. ஆனா ரொம்ப நேரம் தாங்காது. செவுளு வெந்துடும்." அலமாரியைத் திறந்து ஒரு புட்டியிலிருந்து கற்கண்டுத் தூள் போன்ற வெள்ளைப் படிகங்களைக் காகிதத்தில் கொட்டி மடித்தாள். "ஹைப்போ. நீங்க கொண்டாற சாம்பிள் பாட்டிலுக்குள்ள நாங்க போட்டு அனுப்பறதும் இதான். குளோரினை அப்படியே முறிச்சிடும். ஒரு சிட்டிகை போதும். போட்டு நல்லா கலக்கி விடுங்க. ஓடுங்கண்ணா."

சட்டைப் பைக்குள் பொட்டலத்தை வைத்துக்கொண்டு ஓடினார்.

பஸ் நிலையத்தில் இரண்டு பஸ் நின்றன. ஒன்று திண்டிவனம் ஊருக்குள் போவது, கூட்டம் சேரட்டும் என்று நின்றுகொண்டிருந்தது. இன்னொன்று சென்னை வண்டி, நகரத் தொடங்கியிருந்தது.

"திண்டிவனம் உள்ள போகாது பெரியவரே. பைபாஸ்லதான் எறக்குவேன்."

"எங்க வேணா எறக்கு."

சன்னலோர இருக்கையில் ஒரு குடும்பம் அவித்த மல்லாட்டையை உரித்துத் தின்றுகொண்டிருந்தது. வேர்க்கடலைத் தோல் அவர் காலடியில் விழுந்தது. அவர் பொட்டலத்தைச் சட்டைக்கு மேலாகத் தொட்டுப் பார்த்தபடியே வந்தார். இன்னொரு முறை மனைவிக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகள் வரிசையாக நின்றன. பஸ் ஒரு முழம் நகர்ந்து நின்றது. மறுபடி ஒரு முழம்.

இந்நேரம் பழைய தண்ணீரை இறைத்திருப்பாள். மீன்களை வெள்ளைப் பேசினில் விட்டிருப்பாள். தொட்டியைத் தேய்த்துக் கழுவுவாள். டிரம்மிலிருந்து குடம் குடமாக மொண்டு ஊற்றுவாள். வாசனை அவளுக்குத் தெரியாது. பதினாறு வருடம் அந்த வாசனையோடு படுத்து எழுந்தவள் அவள். பேசினைத் தொட்டிக்குள் மெல்லச் சாய்ப்பாள். போ, போ என்பாள்.

நிரப்பியது தன் கை. சொல்லாமல் விட்டது தன் வாய். வெள்ளிக்கிழமை ஒரு "வரட்டும்" சொல்லியிருந்தால் அவள் போனை எடுத்திருப்பாள். பதினோரு மாதத்தில் ஏதாவது ஒரு நாள், ஏதாவது ஒன்று பேசியிருந்தால் அவள் எடுத்திருப்பாள். செத்துக் கிடக்கிற மீன்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, இது நான் வேண்டுமென்று செய்ததில்லை என்று எலிசாவிடம் சொல்வதாகக் கற்பனை செய்து பார்த்தார். அவராலேயே அதை நம்ப முடியவில்லை.

திண்டிவனம் பைபாஸில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு பஸ் நிலையம் வந்து, நிறுத்தியிருந்த டி.வி.எஸ். வண்டியை எடுத்தார். இரண்டு உதையில் கிளம்பவில்லை. மூன்றாவதில் கிளம்பியது. வீட்டுத் தெருவுக்குள் திரும்பும்போது மணி ஒன்றரை.

வாசலில் தெரியாத பைக் ஒன்று நின்றது. படியில் புதிய செருப்புகள் இரண்டு ஜோடி. சாயங்காலம் வருவதாக இருந்தவர்கள் சாப்பாட்டுக்கே வந்துவிட்டார்கள். உள்ளே கோழிக் குழம்பு வாசனை. ஆனால் யாரும் சாப்பிட உட்காரவில்லை. பேச்சுச் சத்தமும் இல்லை.

அவர் செருப்போடு உள்ளே நுழைந்தார்.

தொட்டி பளபளவென்று இருந்தது. அவ்வளவு தெளிவான தண்ணீரை அவர் அதில் பார்த்ததே இல்லை. லட்டு மேல்மட்டத்தில் வாயை வெளியே நீட்டிக் காற்றைக் கடித்துக்கொண்டிருந்தது. தொப்பி ஒரு பக்கமாகச் சாய்ந்து, நேராகி, மறுபடி சாய்ந்தது. அதன் வெள்ளை உடம்பெல்லாம் சிவப்பு நரம்பு ஓடியிருந்தது. சட்டைக் கையை மடித்துவிட்ட ஒல்லியான இளைஞன் ஒருவன் ஒரு சொம்பில் தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து அதற்குள்ளேயே ஊற்றி, மறுபடி மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தான். காற்றுக் கலக்கட்டும் என்று. அவன் தென்னரசு. இருதயமேரி முந்தானையை வாயில் வைத்து நின்றாள். எலிசா கண்ணாடியோடு முகம் ஒட்டிக் குனிந்திருந்தாள்.

யாரும் அவரை வா என்று சொல்லவில்லை. சொல்லாமல் செய்வதே அவருக்குப் பழக்கமாகிப் போயிருந்தது. நேராகத் தொட்டியிடம் போனார். பொட்டலத்தைப் பிரித்தார். விரல் நுனியில் வெள்ளைத் தூளை அள்ளி, கையைத் தண்ணீருக்கு மேல் நீட்டினார்.

எலிசா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

நர்ஸ் கை. தூள் ஒரு துகள்கூட உதிராமல் இறுக்கிப் பிடித்தாள்.

"என்னப்பா அது?"

தென்னரசுவின் சொம்பு பாதியில் நின்றது. கடைசித் துளிகள் விழுகிற சத்தம் கேட்டது. அவர் தன் கையைப் பார்த்தார். வெள்ளைத் தூள், தங்கமீன் தொட்டி, தன் கை. பதினோரு மாதத்துக்கு முன் வாசலில் தான் வரைந்து காட்டிய படம் அப்படியே இருந்தது.

"என்னப்பா அது? சொல்லு."

அவர் வாய் திறந்தது. தொப்பியைப் போலவே திறந்து மூடியது.

"ஹைப்போ" என்றார். "பிளீச்சிங்க முறிக்கிறது."

"பிளீச்சிங்கா?"

"டிரம்முல இருக்குது. நான்தான் ரொப்புனேன். காலைல." இனி நிறுத்தினால் மறுபடி வராது என்று அவருக்குத் தெரிந்தது. "ஊருக்கு மூணு மடங்கு போட்டேன், மேல் தெருவுல சீக்குன்னு. வியாழக்கிழமை ரொப்ப மறந்துட்டேன். இன்னிக்கு ரொப்பிட்டேன். திங்கக்கெழமதான் ஊத்துவான்னு நெனச்சேன். சொல்லல. போன் பண்ணேன், அப்பவும் சொல்ல வரல. வேணும்னு செய்யலம்மா. கைய விடு. நேரம் போவுது."

எலிசா கையை விடவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு மாதத்துக்குப் பிறகு நேராகப் பார்க்கிறாள். கண்கள் நம்ப விரும்பின. விரல்கள் விரும்பவில்லை.

"நீ எதுக்குப்பா மீனுக்குத் தண்ணி ரொப்பப் போற?"

தொட்டிக்குள் தொப்பி முழுதாகப் புரண்டது.

"அவருதான் ரொப்புறாரு."

இருதயமேரி முந்தானையை வாயிலிருந்து எடுத்திருந்தாள்.

"நீ போனதுலேர்ந்து அவருதான். வாரா வாரம் வியாழக்கிழமை. நான் பாக்கலன்னு நெனச்சிக்கினு ரொப்புவாரு. நானும் பாக்காத மாதிரி இருப்பேன்." அவள் கணவரைப் பார்த்தாள், சுவரை அல்ல. "கைய விடுடி. போடட்டும்."

எலிசாவின் விரல்கள் பிரிந்தன.

அவர் தூளைப் போட்டார். கையை முழங்கை வரை விட்டுத் தண்ணீரைக் கலக்கினார். தென்னரசு கேட்காமலேயே மறுபடி மொண்டு ஊற்றத் தொடங்கினான். மாசிலாமணி வண்டிப் பையிலிருந்து குளோரின் சோதிக்கிற சின்னப் பெட்டியை எடுத்து வந்தார். டிரம் தண்ணீரில் மருந்தைச் சொட்டியதும் மாம்பழச் சாறு போல மஞ்சளானது. தொட்டித் தண்ணீரில் சொட்டினார். நால்வரும் அந்தக் கண்ணாடிக் குழாயையே பார்த்தார்கள். நிறம் மாறவில்லை.

"முறிஞ்சிடுச்சி" என்றார்.

ஆனால் மீன்களுக்கு அது தெரியவில்லை. லட்டு இன்னும் மேலேயே காற்றைக் கடித்துக்கொண்டிருந்தது. தொப்பி புரண்டே கிடந்தது. செவுள் மட்டும் எப்போதாவது ஒருமுறை அசைந்தது.

அதன் பிறகு செய்ய ஒன்றும் இல்லை. அவர்கள் அங்கேயே நின்றார்கள், பிறகு தரையில் உட்கார்ந்தார்கள். மோட்டார் கொப்புளம் விடுகிற சத்தம் மட்டும் இருந்தது. நடுவே அம்சா வாசலில் எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, கோழி வெந்துச்சா? யாரும் துன்னலியா?" என்று கேட்டு, முகங்களைப் பார்த்துவிட்டு, பதில் எதிர்பார்க்காமல் போய்விட்டாள். அந்த மௌனம் வீட்டுக்குப் பழகிய மௌனம் அல்ல. இதில் நான்கு பேரும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றேகால் மணிக்கு லட்டு கீழே இறங்கியது. கூழாங்கற்களுக்கு மேல் நின்று, ஒரு கல்லை வாயில் எடுத்துத் துப்பியது.

எலிசா மூக்கை உறிஞ்சினாள். "அது எப்பவும் அப்பிடித்தான். பசிச்சா கல்லைத் துப்பும்."

"இன்னிக்குத் தீனி வேணாம்" என்றார் மாசிலாமணி.

"தெரியும்ப்பா. கதவுல எழுதி ஒட்டுனதே நான்தான்."

தென்னரசு தலையைக் குனிந்து சிரித்தான். இருதயமேரி எழுந்து நான்கு தட்டுகளை எடுத்துவைத்தாள். தட்டு வைக்கிற சத்தத்தோடு நிறுத்தாமல், "வாங்க, சாப்புடலாம்" என்றாள். அந்த 'வாங்க' யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. மாசிலாமணி போய்க் கை கழுவினார். எவ்வளவு கழுவியும் அந்த வாசனை போகவில்லை.

தொப்பி மறுநாள் ஞாயிறு காலையில், பூசைக்கு மணி அடிப்பதற்கு முன்பே செத்துப்போயிருந்தது. செத்துவிட்டது என்று எலிசாவுக்குப் போனில் சொன்னவர் மாசிலாமணிதான். லட்டு பிழைத்தது. இப்போது அது விழுப்புரத்தில் எலிசா வீட்டில், வேறு மூன்று மீன்களோடு, பெரிய தொட்டியில் இருக்கிறது. அதன் ஆரஞ்சு வெளுத்துவருகிறது என்கிறார்கள். எலிசா அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். தென்னரசு மாமனார் வீட்டின் பழைய ஒயரிங் முழுவதையும் மாற்றிக் கொடுத்தான். மேல் தெருவில் உடைந்த குழாய் கிடைத்தது, நோயாளிகள் எல்லோருக்கும் குணமானது. ஆர்த்தி வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனாள். அம்சா அடுத்த வீட்டிலேயே இருக்கிறாள், நடந்ததைக் கேட்டால் தன் கணக்கில் சொல்வாள். இருதயமேரி கணவருடன் பேசுகிறாள், அதிகம் அல்ல, தேவைப்படுகிற அளவு. மாசிலாமணி இன்னும் விடியற்காலையில் ஏணியில் ஏறுகிறார். கீழே இறங்கியதும் வீட்டுக்குப் போன் செய்து, இன்றைக்கு எவ்வளவு பவுடர் போட்டேன் என்று சொல்கிறார். அவள் எடுக்கிறாள். வீட்டில் இப்போது மீன் இல்லை.